எக்ஸ்ரேம்மா ரிப்பீட் எடுப்பதில்லை

என் அறுபதாம் கல்யாணத்தன்று, இன்னொருவருடைய ஃப்ளாஷின் டயலை அவருக்குத் தெரியாமல் நான் திருப்பி வைத்தேன். படம் கெட்டது. அவர் வந்து அது தன் தவறு என்று சொன்னபோது நான் மறுக்கவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. "விடுங்க மேடம், நமக்கும் வயசாகுதில்ல" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரைப் பற்றிச் சொல்லாமல் இதை மட்டும் சொன்னால், வாயில்லாத ஜீவன் ஒன்றுக்கு நான் தீங்கு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். அவருக்கு வாய் இருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் நான் வாழ்ந்த காலம் முழுவதும் என் பொறுமையை அவரளவுக்குச் சோதித்தவர் வேறு யாருமில்லை.

எங்கள் பிளாக்கில் இரண்டு குவார்ட்டர்ஸ் தள்ளி இருந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார், ஒரே மகன். பக்கத்துக் கிராமத்துக்காரர் என்பதால் டவுன்ஷிப்பில் எத்தனை வருடம் இருந்தும் பேச்சு மாறவில்லை. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரேம்மா.

மகன் வேலைக்குப் போனதும் அம்மாவுக்கு ஒரு டிஜிட்டல் கேமராவும் அதன் தலையில் மாட்டும் பெரிய ஃப்ளாஷும் வாங்கிக் கொடுத்தான். அன்று பிடித்தது சனி. பிளாக்கில் காதுகுத்து, வளைகாப்பு, ரிட்டயர்மென்ட், எது நடந்தாலும் எக்ஸ்ரேம்மா வந்துவிடுவார். முதலில் ஆசையாகக் கூப்பிட்டார்கள். பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

படம் எடுப்பதற்கு முன் அவர் செய்யும் ஆர்ப்பாட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கழுத்தில் தையற்காரர் மாதிரி ஒரு இஞ்ச் டேப் தொங்கும். அதன் ஒரு முனையை மாப்பிள்ளையின் மூக்கில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். மறுமுனையைக் கேமரா வரை இழுத்துப் பார்ப்பார். மனதுக்குள் கணக்குப் போடுவார். ஃப்ளாஷின் பின்னால் இருக்கும் எண்ணை மாற்றுவார். மறுபடி வந்து, எலும்பு முறிந்தவரைப் படுக்க வைப்பதுபோல, மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துத் திருப்புவார்.

"அப்புடியே இருக்கணும். நவுந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல."

ஒரு வளைகாப்பில் கர்ப்பிணிப் பெண்ணிடம், "மூச்ச நல்லா இழுங்க... அடக்குங்க..." என்றார். பெண்ணின் மாமியார் பதறிவிட்டார்.

"ஏம்மா, புள்ளத்தாச்சி பொண்ணுகிட்ட மூச்ச அடக்கச் சொல்றீங்களே!"

"பழக்க தோஷங்க. நீ விடு கண்ணு."

பளிச்சென்று ஒரு வெட்டு. அவ்வளவுதான். டேப்பைச் சுருட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார். இன்னொன்று எடுங்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ரிப்பீட் எடுக்கறதில்லீங்க."

கேமராவின் பின்புறத் திரையில் படம் எப்படி வந்திருக்கிறது என்றுகூடப் பார்க்கமாட்டார். அந்தத் திரையையே அணைத்து வைத்திருந்தார். "சரியா வெச்சிருந்தா சரியா வந்திருக்கும். பாத்தா மட்டும் மாறிடுமா?" என்பார். வீட்டுக்குப் போய்க் கணினியில் போட்டுப் பார்ப்பதோடு சரி.

நான் அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்ஜினீயர். பாய்லரில் வெப்பமும் அழுத்தமும் எவ்வளவு என்று அளந்து, அந்த அளவைத் திருப்பி அனுப்பி, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டுவதற்கான கருவிகளோடு என் உத்தியோக காலம் முழுவதும் போயிற்று. விளைவை அளக்காமல் ஒன்றை இயக்குவது என்றால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். எக்ஸ்ரேம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அதுவும் அளக்கத் தெரிந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டே.

அந்த ஃப்ளாஷைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃப்ளாஷ் வெளிச்சத்தைக் குறைப்பது என்றால் மங்கலாக எரிவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது எப்போதும் முழு வேகத்தில்தான் எரியும். எவ்வளவு நேரம் என்பதுதான் மாறும். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும் அந்த நேரத்தையும் பாதியாக, கால்வாசியாக நறுக்கலாம். எங்கே நறுக்குவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் எங்கள் சண்டை.

டயலை ‘எம்’மில் வைத்தால் முடிவு செய்வது மனிதர். தூரம் இரண்டு மடங்கானால் முகத்தில் விழும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும் என்ற கணக்கைப் போட்டு அவரே வைக்க வேண்டும். ‘ஏ’ என்று வைத்தால் ஃப்ளாஷின் நெற்றியில் இருக்கும் சின்னக் கண் ஒன்று, ஆட்கள்மேல் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, போதும் என்ற கணத்தில் ஃப்ளாஷை நிறுத்திவிடும். இன்னும் புதிய முறை ஒன்றும் அதில் இருந்தது. படத்துக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்னால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, லென்ஸ் வழியாக வந்ததைக் கேமரா அளந்து, எவ்வளவு வேண்டும் என்று ஃப்ளாஷுக்குச் சொல்லும். பிறகு நிஜ வெட்டு. நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இவ்வளவையும் ஒருநாள் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளக்கினேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அளக்கறதுக்கு ஒரு வெட்டு, எடுக்கறதுக்கு ஒரு வெட்டா?"

"ஆமா மேடம். ரொம்பத் துல்லியம்."

"பேஷண்ட் என்னா பாவம் பண்ணான், ரெண்டு வாங்கிக்கறதுக்கு?"

"இது எக்ஸ்ரே இல்ல மேடம். வெறும் வெளிச்சம்."

"மொத வெட்டுலயே பாதிப் பேரு கண்ண மூடிக்கறான். பாத்திருக்கேன்."

"சரி, அது வேணாம். ‘ஏ’ல வையுங்க. ஒரே வெட்டுதான். தானா நிறுத்திக்கும்."

"வெள்ள வேட்டி கட்டிக்கினு பத்து பேரு நின்னா?"

அது நியாயமான கேள்விதான். அந்தக் கண்ணுக்கு எதிரே நிற்பது வேட்டியா முகமா என்று தெரியாது. வெள்ளை அதிகம் என்றால் வெளிச்சம் நிறையத் திரும்பி வரும், அது சீக்கிரம் நிறுத்திவிடும், முகங்கள் கறுத்துப்போகும். எனக்குத் தெரியாததில்லை. "அப்போ நாம கொஞ்சம் கூட்டி வெச்சிக்கணும். அதுக்குப் பட்டன் இருக்கு" என்றேன்.

"கூட்டறதும் கொறைக்கறதும் நானே பண்ணணும்னா அதுக்குப் பேரு எதுக்கு சார் ஆட்டோ?"

பூண்டுத் தோலை ஊதிவிட்டு உள்ளே எழுந்து போனார். நான் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரி நான் எத்தனை மாலைகளை வீணடித்திருக்கிறேன்!

அவர் சொல்வதே எப்போதும் சரி என்றும் நினைத்துவிடாதீர்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாமி புறப்பாட்டைப் படம் எடுக்கிறேன் என்று கிளம்பினார். கோயில் வாசலில் இடம் பார்த்து, டேப் போட்டு, கணக்குப் போட்டு நின்றார். வாகனத்தைத் தூக்கியவர்கள் அவர் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஆடிக்கொண்டே நேராக அவர் மேலேயே வந்துவிட்டார்கள். வெட்டினார். படத்தில் சாமியின் முகம் மாவு பூசியது போல வெளுத்துக் கிடந்தது. நகையும் தெரியவில்லை, மாலையும் தெரியவில்லை.

"சாமி நவுந்துருச்சி. நவுந்தா நான் என்னா பண்றது?" என்றார்.

"ஏன் மேடம், சாமியை மூச்சை அடக்கச் சொல்லலியா?"

பத்து நாள் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் மனைவி ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேம்மாதான் இருந்தார். மனைவியின் கையை அவர் தொடவே வெகுநேரம் ஆனது. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் வலி குறைகிறது, என்று கேட்டுக்கொண்டே ஃபிலிம் பலகையை அதற்கேற்றபடி நகர்த்தினார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நானும்தான் முணுமுணுத்தேன். ஒரே படம். சரியாக வந்தது.

வெளியே வந்தபோது என்னிடம் சொன்னார்: "சரியா வரலன்னா மறுக்கா அந்தக் கையப் பொரட்டணும் சார். பொரட்டறது நானு, வலிக்கறது அவங்களுக்கு."

அன்று எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. வீடு வந்து சேர்ந்ததும் பழையபடி எரிச்சல் வந்துவிட்டது.

இனி அந்த நாள். டவுன்ஷிப் கல்யாண மண்டபத்தில் என் அறுபதாம் கல்யாணம். கம்மாபுரம் பக்கத்திலிருந்து என் அக்கா, அண்ணன் குடும்பங்கள், மனைவி வழிச் சொந்தங்கள், ஆபீஸ்காரர்கள். ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன் எல்லோரும் கூடும் கடைசி விசேஷம். கலசநீர் ஊற்றி முடித்து, புதுத் துணி மாற்றி, கழுத்தில் மாலையோடு நாங்கள் நின்றோம். அக்காவையும் அண்ணனையும் நடுவில் வைத்துக் குடும்பப் படம் ஒன்று எடுக்க வேண்டும். செகண்ட் ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் இலை போட்டாயிற்று.

எக்ஸ்ரேம்மா டேப்பை எடுத்தார்.

அக்காவின் மூக்கு, அண்ணனின் மூக்கு, கடைசியில் நிற்கும் மச்சானின் மூக்கு. ஃப்ளாஷில் எண் வைத்தார். கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து, ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துத் திருப்பினார். "பெரியம்மா, தாடையக் கொஞ்சம் தூக்குங்க." "நீங்க அரை அடி பின்னால போங்க." "போதும், போதும், சொவத்துல முட்டிக்காதீங்க." அண்ணன் என் காதில், "என்னடா, ஆபரேஷன் எதாச்சும் பண்ணப்போறாங்களா?" என்றார். ஐயர் ஏதோ கேட்க என்னைக் கூப்பிட்டார். போய்விட்டுத் திரும்பும் வழியில் அந்த நாற்காலி இருந்தது.

எக்ஸ்ரேம்மாவின் முதுகு என் பக்கம். டயல் ‘எம்’மில் இருந்தது. விரலால் ‘ஏ’வுக்குத் தள்ளினேன்.

படத்தைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. படம் இன்னும் நன்றாக வரும், மறுநாள் அவரிடம், "உங்க கணக்கு இல்ல மேடம், அந்தக் கண்ணுதான் எடுத்துச்சு" என்று சொல்லலாம் என்று நினைத்தேன். பல வருட வாக்குவாதத்தை ஒரு விரலில் முடித்துவிட்ட திருப்தியோடு போய் நின்றேன்.

பளிச். "முடிஞ்சிதுங்க. சாப்பிடப் போலாம்" என்றார்.

நான் யோசிக்காதது ஒன்று இருந்தது. எங்களுக்கு முன்னால், தரையில், கலசக் குடங்கள் வரிசையாக இருந்தன. புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடங்கள். எக்ஸ்ரேம்மாவின் கணக்கு எங்கள் மூக்குவரைதான்; குடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் மாற்றமில்லை. அந்தக் கண்ணுக்கோ முதலில் தெரிந்தது குடங்கள்தான். அவை திருப்பி அடித்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, போதும் என்று ஃப்ளாஷை நிறுத்திவிட்டது. உத்தியோகத்தில் இருந்த நாள் முழுவதும் இதுபோல் ஏமாந்த சென்ஸார்களைத்தான் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் கேமரா. முகம் வெளிறியிருந்தது. திரையை அன்றுதான் போட்டிருந்தார். குடங்கள் ஜொலித்தன. பின்னால் நாங்கள், தோண்டியெடுத்த லிக்னைட் நிலக்கரிக் கட்டிகள் மாதிரி, பழுப்பும் கறுப்புமாக நின்றோம். என் மகன் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான். முகமெல்லாம் மணலை வாரி இறைத்தது போல் ஆயிற்று. அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கடா கீறேன்?" என்றாள்.

"டயலு ‘ஏ’ல இருந்துச்சி சார்" என்றார் எக்ஸ்ரேம்மா. "நான்தான் வெச்சிருக்கணும். எப்ப வெச்சேன்னு நெனப்பே இல்ல. யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன், நெனப்பே வரமாட்டேங்குது."

வாயைத் திறந்தேன். அண்ணன் எதிரே இருந்தார். மச்சான் இருந்தார். எல்லோர் முன்னாலும் நான் என்ஜினீயர். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நமக்கும் வயசாகுதில்ல.

அவர் தலையை ஆட்டினார். எதிர்த்து ஒரு சொல் வந்திருந்தால்கூட நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு பலமுறை சமாதானம் செய்துகொண்டேன். எதிர்த்துப் பேசாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை.

பிளாக்கில் செய்தி பரவியது. "எக்ஸ்ரேம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுதாம்" என்றார்கள். என் வாயிலிருந்தும் அது போயிருக்கிறது. கொஞ்ச நாளில் அவர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தது. இன்னும் சில வருட சர்வீஸ் பாக்கி. ஆஸ்பத்திரியில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. போக வேண்டாம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது, ஏன் மேடம் என்றேன்.

"கையில வெச்சத வெச்ச நெனப்பு இல்லன்னா, அந்த ரூமுக்குள்ள நான் நிக்கக் கூடாது சார். கொழந்தைங்கள்லாம் வந்து படுக்குது."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். இரண்டாவது தடவையும் சொல்லவில்லை.

அவர் பண்ருட்டியில் மகன் வீட்டோடு போய்விட்டார். நான் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டேன். வருடங்கள் போயின. இந்த வருடம் பலாப்பழம் வாங்கப் பண்ருட்டிக்குப் போன என் மனைவி அவரைக் கடைத்தெருவில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"பாவங்க. மருமவ கையப் பிடிச்சிக் கூட்டிட்டு வர்றா. அடுப்புப் பக்கமே விடறதில்லையாம். அவங்க மாத்திரையக்கூட இவ பூட்டி வெச்சிருக்கா. கேட்டா, ‘அப்பவே ஞாபகம் தப்பிடுச்சிங்க, அதான வேலையே விட்டாங்க’ங்கறா. என்கிட்ட நல்லாத்தான் பேசறாங்க. நம்ம அக்கா முட்டி வலியக்கூட ஞாபகம் வெச்சிக் கேட்டாங்க."

அன்று மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. பழத்தை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத்த என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் சொல்லிமுடித்தேன். பிறகு கேட்டார்.

"எந்த வெரலு?"

காட்டினேன். பார்த்தார்.

"அந்த டயலுக்குப் பக்கத்துல நான் இல்லாத நேரம் எதுன்னு எம்மாம் நாளு யோசிச்சிருப்பேன் தெரியுமா? ராவெல்லாம். கடைசில என் தலமேலயே சந்தேகம் வந்துருச்சி."

மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த வெச்சிக்கினு நான் என்னா பண்ணட்டும்? எழுந்திருங்க. உள்ள வாங்க. இவங்ககிட்ட சொல்லுங்க."

மகனும் மருமகளும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். மகன் மரியாதையாக எழுந்து நின்று கேட்டுக்கொண்டான். "எப்பவோ நடந்தது சார், இருக்கட்டும். அம்மாவுக்கு இப்ப நெஜமாவே வயசாயிடுச்சி" என்றான். மருமகள் எனக்கு டீ கொண்டுவந்தாள். எக்ஸ்ரேம்மாவுக்கு ஆற வைத்து, பிளாஸ்டிக் டம்ளரில் கொடுத்தாள்.

வாசலில் அவர் சொன்னார்: "நம்பல. அடுத்த வாரமும் வாங்க."

"மேடம், அதான் சொல்லிட்டேனே."

"எனக்கு மறதின்னு இதுங்க ஊரெல்லாம் சொல்லியிருக்குதுங்க. நீங்க ஒருக்கா சொன்னா போதுமா? எங்க தம்பி வரான். வாங்க."

போனேன். அவர் தம்பியிடம் சொன்னேன். அதற்கடுத்த வாரம் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள்; அவர்களிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு முந்திரி வியாபாரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார், அவரிடமும் சொன்னேன். நான் எதையாவது விட்டுவிட்டால் எக்ஸ்ரேம்மா திருத்துவார். "குடத்த சொல்லலியே சார்." "‘வயசாகுதில்ல’ன்னு சொன்னீங்களே, அத்த முழுங்கிட்டீங்க." எழுபதைத் தாண்டிய வயதில், தெரியாத வீட்டுக் கூடத்தில், தெரியாத மனிதர்களிடம் என் விரலைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது. அவரிடம் எரிச்சல்பட எனக்கு உரிமை இல்லை என்பது அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

போன ஞாயிறு அவர் மகனின் நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் தொண்டையைச் செருமியதுமே மகன் பொறுமை இழந்துவிட்டான்.

"சார், எத்தினி தடவ சார் இதையே சொல்லுவீங்க?"

"அவரு சொல்லட்டும்" என்றார் எக்ஸ்ரேம்மா. "அம்மாவுக்கு மறதின்னு நீ எத்தினி பேருகிட்ட சொன்ன?"

நான் சொல்லத் தொடங்கினேன். குடங்கள்வரை வந்திருப்பேன். எக்ஸ்ரேம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல், சமையலறைக்குள் போனார். மருமகள் பாதி எழுந்தாள். மகன் அவளைப் பார்த்தான். உள்ளே பாத்திரம் ஒன்று இறக்கும் சத்தம், பிறகு லைட்டரின் சொடுக்கு, அடுப்பு பற்றும் சத்தம்.

மருமகள் உட்கார்ந்துவிட்டாள். "ம், சொல்லுங்க சார்" என்றாள். உள்ளேயிருந்து எக்ஸ்ரேம்மா குரல் கொடுத்தார்: "யார் யாருக்கு சக்கர வேணாம்?"